இல்லை என்பதற்குக் குறி வைக்கவில்லை

இடிக்கிறதா அக்கா? கொஞ்சம் பொறுங்கள், இந்தப் பக்கமாகச் சாய்த்துக்கொள்கிறேன். கட்டில் சட்டம் இல்லை இது. எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். கண்டக்டர்கூட, "கட்டிலுக்கு லக்கேஜ் டிக்கெட் உண்டு தங்கச்சி, மாப்பிள்ளைய ஏத்துனா அதுக்கு வேணாம்" என்று சொல்லிக்கொண்டே கிழித்துக் கொடுத்தார். விளையாட்டுக்குத்தான் சொன்னார். நானும் சிரித்துவிட்டேன்.

இது ரேடியோ கேட்கிற ஆன்டெனா. நாலு ரீப்பர் கட்டையைச் சதுரமாக அடித்து, மோட்டாருக்குக் காயில் கட்டுகிற செம்புக் கம்பியைச் சுற்றியிருக்கிறேன். பாட்டு, செய்தி எல்லாம் இதில் வராது. அதற்கெல்லாம் ரொம்பக் கீழே, மிகக் குறைந்த அதிர்வெண் என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே பெரும்பாலும் மின்னல்தான் பேசும். எங்கேயோ கடலுக்கு அந்தப் பக்கம் விழுகிற மின்னல், இங்கே கடுகு பொரிகிற மாதிரி கேட்கும். உண்மையாகத்தான் சொல்கிறேன். நான் எம்.எஸ்சி. இயற்பியல். எங்கள் வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி, அதனால் எதையும் கூட்டிச் சொல்ல எனக்குப் பயம். ஒன்று தப்பாகிவிட்டால், படித்தும் இவ்வளவுதானா என்று அப்பாவைத்தான் கேட்பார்கள்.

செம்பாளூரில் ஏறினேனே, அங்கே எனக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை. ஒரு தென்னந்தோப்புக்குப் போய்விட்டு வருகிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால், இதே வைகாசியில், அந்தத் தோப்பிலிருந்து ஒருவர் எனக்கு ஒரு சேதி அனுப்பினாரா, அனுப்பவில்லையா. அதைத் தெரிந்துகொள்ளத்தான் போனேன். தெரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். பட்டுக்கோட்டை வருவதற்குள் சொல்லிவிடலாம். நீங்கள் தூங்குவதாக இருந்தால் தூங்குங்கள், தப்பாக நினைக்க மாட்டேன்.

அவர் பெயர் இளம்பரிதி. என்னோடு படித்தவர். 'அவர்' என்று இப்போதுதான் சொல்கிறேன். அப்போதெல்லாம் 'டேய்'தான். கல்யாணமானவரை டேய் என்பது சரியில்லை, இல்லையா?

கடைசி வருட புராஜெக்டுக்கு எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துப் போட்டு, மின்னல் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள் என்றார்கள். சட்டத்தைச் சுற்றி முடித்துக் கல்லூரி மாடியில் வைத்துக் கேட்டால், ம்ம்ம் என்று ஒரே முனகல். கரண்டு, அக்கா. வீட்டு வயர், தெருக்கம்பி, டிரான்ஸ்ஃபார்மர், எல்லாம் சேர்ந்து முனகும். நம் காதுக்குத் தெரியாது, இதற்குத் தெரியும். ஊரைவிட்டு எவ்வளவு தள்ளிப் போனாலும் ஏதாவது ஒரு மோட்டார் கொட்டகை இருக்கும். இளம்பரிதிதான் வழி கண்டுபிடித்தார். பேப்பரில் 'நாளை மின்தடை' என்று போடுவார்கள் பாருங்கள், பராமரிப்பு வேலை என்று மாதத்தில் ஒரு நாள் நிறுத்துவார்களே, அந்த நாள்தான் எங்கள் நாள்.

அதற்கப்புறம் எங்களுக்கு நல்ல நாள், பெரிய நாள் எல்லாம் அதுதான். எந்த ஊரில் மின்தடையோ அந்த ஊருக்கு முதல் பஸ். என் அப்பா அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறவர். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். டீக்கடையில் அந்த ஒரு பத்தியை மட்டும் விரலை வைத்துப் படித்துவிட்டுப் போன் செய்வார். "பாப்பா, நாளைக்கு ஒரத்தநாட்டுல கரண்டு கெடையாதாம். கெளம்பு." ஒரத்தநாட்டில் ஒரு டீக்கடைக்காரர் எங்களைப் பார்த்து, "ஊரே கரண்டு இல்லன்னு வையுது, நீங்க ரெண்டு பேரும் என்னமோ கல்யாண வீட்டுக்கு வந்தவுக மாதிரி வர்றீங்க" என்றார். இளம்பரிதி அதற்கு, "அண்ணே, கல்யாண வீட்டுல சத்தம் இருக்கும். எங்களுக்குச் சத்தம் இல்லாத எடம்தான் வேணும்" என்றார். அதை அவர் வேறு எதையும் நினைத்துச் சொல்லவில்லை.

ஒன்பது மணிக்கு நிறுத்துவார்கள். ஒரே ஹெட்போன், ஆளுக்கு ஒரு பக்கம். அந்த முனகல் சட்டென்று அறுந்துபோகும். அதற்கு அடியில் இவ்வளவு நேரம் அமுங்கிக் கிடந்ததெல்லாம் மேலே வரும். கடுகு பொரியும். அப்புறம் மூச்சு மாதிரி ஒன்று. முதல் தடவை அதையும் ரேடியோவில் வருகிற சத்தம் என்றுதான் நினைத்தேன். அவர் மூச்சு. பக்கத்தில் இருந்தார்.

புராஜெக்ட் முடிந்தும் நாங்கள் நிறுத்தவில்லை. கேட்டது போதும், அனுப்பிப் பார்ப்போம் என்றார். இந்தப் பகுதியில் வானத்து வழியாக அனுப்ப வேண்டுமென்றால் மலை உயரத்துக்கு ஆன்டெனா வேண்டும். அதனால் மண் வழியாக அனுப்புவோம். இரண்டு இரும்புக் கம்பியைத் தள்ளித் தள்ளி மண்ணில் இறக்கி, உப்புத் தண்ணீர் ஊற்றி, பேட்டரியிலிருந்து ஆம்ப்ளிஃபயர் வழியாகச் சத்தத்தைக் கொடுத்தால் அது பூமிக்குள் பரவும். ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளி இந்தச் சட்டத்தை வைத்தால், லேப்டாப்பில் மெல்லிய கோடாகத் தெரியும். பேச்செல்லாம் போகாது. ஒரு எழுத்து போய்ச் சேரவே ஒரு படி அரிசி வெந்துவிடும். சத்தம் ரொம்பப் பலவீனம், அக்கா. பலவீனமானதை விடாமல் ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டிருந்தால்தான் இரைச்சலுக்கு மேலே தெரியும். அது எங்கள் சுபாவத்துக்கு ஒத்துவந்தது.

பழைய இரும்புக் கடையில் ஒரு ஜோடிக் கம்பி வாங்கினோம். அடிபம்புக்குப் போட்டிருந்த குழாய், பாதிக்குப் பச்சை பெயிண்ட். அவர் வயரில் போடுகிற கட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருமுறை வயர் நுனி கீறி என் உள்ளங்கையில் ரத்தம் வந்துவிட்டது. அன்றிலிருந்து அவர் எந்தக் கட்டைப் போட்டாலும், நன்றாக முறுக்கி முடித்துக் கடைசியில் நுனியைக் குறட்டால் உள்பக்கம் மடக்கிவிடுவார். "சுகந்தி கை பட்டா கீறும்ல" என்பார். அப்புறம் நான் பக்கத்தில் இல்லாவிட்டாலும் அப்படியே கட்டப் பழகிவிட்டார்.

அவர்கள் வீட்டுக்கு வகுப்புப் பிள்ளைகளோடு ஒரே ஒருமுறை போயிருக்கிறேன். மாடி வீடு, கொல்லையை ஒட்டியே தோப்பு, கார் எல்லாம் உண்டு. எங்கள் தெரு வேறு, அவர்கள் தெரு வேறு. ஆனால் அவர்கள் அதெல்லாம் பார்க்கிற ஆட்கள் இல்லை. அவர் அம்மா என்னை உட்காரச் சொல்லி டீ கொடுத்தார். மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் சில்வர் டம்ளர், எனக்குப் பேப்பர் கப். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். "எந்த ஊரு, யாரு வீடு?" என்று கேட்டார், சொன்னேன். "அப்படியா, நல்லாப் படி" என்றார். நல்ல மாதிரிதான்.

அதற்கப்புறம் வீட்டில் விஷயம் தெரிந்துவிட்டது. அவருடைய போனை அண்ணன் வாங்கி வைத்துக்கொண்டாராம். ஒருநாள் வேறு யாருடைய போனிலிருந்தோ பேசினார். மெதுவாகப் பேசினார்.

"வியாழக்கெழம செம்பாளூர்ல மின்தடை. அதுக்குள்ள அப்பாட்ட பேசிருவேன். கம்பி ரெண்டையும் தோப்புல எறக்கிட்டேன். நீ ஆத்துப் பாலத்துகிட்ட வந்து உக்காரு. ஞாயித்துக்கெழம உங்க வீட்டுக்குப் பொண்ணு கேட்டு வர்றதா இருந்தா குறி அனுப்புறேன்."

"வீட்டுல ஒத்துக்கலன்னா?"

"ஒத்துக்கலன்னாலும் நான் வர்றேன்னா அனுப்புவேன். வர்றது என் கையிலதான இருக்கு."

குறி என்ன என்று நான்தான் சொன்னேன். எழுத்தெல்லாம் வேண்டாம், ஒரே ஒரு நீளக் கோடு, அரை மணி நேரம் விடாமல் பிடி என்றேன்.

"வரலன்னா?" என்று கேட்டார்.

"வரலன்னா எதுக்குக் குறி? ஒண்ணும் வராது" என்றேன்.

அப்புறம், "சரி சுகந்தி" என்றார்.

அது என்னுடைய தப்பு. பரிசோதனை முறையில் தப்பு, அதைச் சொல்கிறேன். இல்லை என்பதற்கும் ஒரு குறி வைத்திருக்க வேண்டும். வைக்காவிட்டால், இல்லை என்பதும் பேட்டரி தீர்ந்துபோனது என்பதும் ஒரே மாதிரி இருக்கும். இப்போது நான் ஒரு பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூவுக்கு எடுக்கிறேன், பிள்ளைகளுக்கு இதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

அந்த வியாழக்கிழமை போனேன். வைகாசி, ஆற்றில் இன்னும் தண்ணீர் விடவில்லை. பாலத்துக்குப் பக்கத்தில் வேப்பமரத்தடியில் சட்டத்தை நிறுத்தினேன். ஒன்பது மணிக்குக் கரண்டு நின்றது. முனகல் அறுந்தது. நான் தயாராகிக் கையைத் துடைத்துக்கொண்டேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, வேறு ஒரு முனகல் ஆரம்பித்தது.

ஜெனரேட்டர்.

ஊர் முழுக்கக் கரண்டு இல்லை, எங்கேயோ ஒரே ஒரு ஜெனரேட்டர் ஓடுகிறது. கரண்டு இரைச்சலாவது பரவாயில்லை, அக்கா, அது ஒரே இடத்தில் கோடு கோடாக நிற்கும், நடுவில் ஒதுங்கி இடம் பிடித்துக்கொள்ளலாம். ஜெனரேட்டர் சீராக ஓடாது. கோடெல்லாம் அலைந்து ஸ்கிரீன் முழுக்கச் சாணி மெழுகின மாதிரி பூசிவிடும்.

இந்தச் சட்டத்துக்கு ஒரு குணம் உண்டு. விளிம்பை ஒரு பக்கம் காட்டினால் அந்தப் பக்கத்துச் சத்தம் கேட்கும், முகத்தைக் காட்டினால் கேட்காது. அப்படித் திருப்பித்தான் வேண்டாத இரைச்சலை மறைப்போம். நானும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். ஒரு இடத்தில் ஜெனரேட்டர் சுத்தமாக மறைந்தது. நிமிர்ந்து பார்த்தேன். சட்டத்தின் முகம் நேராகத் தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இரைச்சலும் அங்கேயிருந்துதான் வருகிறது, குறியும் அங்கேயிருந்துதான் வர வேண்டும். இரைச்சலை மறைத்தால் அவரையும் மறைத்துவிடுவேன். என்ன செய்வீர்கள் நீங்கள்? நான் திரும்ப விளிம்பைக் காட்டி, இரைச்சலோடேயே இருக்கட்டும் என்று வைத்துவிட்டேன். அதற்குள் எங்கேயாவது ஒரு கோடு தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கரண்டு வரும்வரை பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ரொம்ப நேரம் ஸ்கிரீனைப் பார்த்தால் வரும்.

நடந்து போய்ப் பார்த்திருக்கலாமே என்கிறீர்கள். பாலத்துக்கும் தோப்புக்கும் ஒன்றரை கிலோமீட்டர்கூட இருக்காது, போயிருக்கலாம். ஆனால் கேட்கிற பக்கத்தில் இருக்கிறவர் இடத்தைவிட்டு எழுந்திருக்கக் கூடாது, அக்கா. எழுந்த நேரத்தில் குறி வந்துவிட்டால்?

ஞாயிற்றுக்கிழமை அப்பா சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். நான் அவரிடம் ஒன்றுமே சொல்லவில்லை, எப்படியோ தெரிந்திருக்கிறது. சாயங்காலம் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "பேப்பர்ல நாளைக்கு எந்த ஊரும் போடல பாப்பா" என்றார்.

அந்த வாரக் கடைசியில் எங்கள் வகுப்பு ஷர்மிளா ஸ்டேட்டஸில் போட்டோ வைத்திருந்தாள். வியாழக்கிழமை அவருக்கு நிச்சயதார்த்தம். வீட்டிலேயே பந்தல் போட்டுச் செய்திருக்கிறார்கள். அந்த ஜெனரேட்டர் அதற்குத்தான்.

நீங்கள் 'ச்சு' கொட்டுகிறீர்கள். எல்லோரும் இந்த இடத்தில் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் நான் கேட்பது வேறு. நிச்சயம் நடந்தது நடந்ததுதான், வீட்டில் கட்டாயப்படுத்தியிருப்பார்கள். அதற்கு நடுவில் ஒருவர் கொல்லைப் பக்கம் போய் ஒரு சுவிட்சைப் போட முடியும்தானே? போட்டிருந்தால்? அரை மணி நேரம் பிடித்திருந்து, நான் ஜெனரேட்டர் இரைச்சலில் பார்க்காமல் விட்டிருந்தால்? ஞாயிற்றுக்கிழமை அவரை வர விடாமல் பிடித்து வைத்திருந்து, குறியைப் பார்த்தும் அவள் தேடி வரவில்லை, ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று அவர் நினைத்திருந்தால்? நான் மூன்று தடவை போன் செய்தேன். ஸ்விட்ச் ஆஃப். சிம்மை மாற்றியிருப்பார்.

இரண்டு வருடமாக இதுதான் மண்டைக்குள் ஓடுகிறது. மண் காய்ந்திருந்ததா? கம்பிக்குத் தண்ணீர் ஊற்றினாரா? மின்தடை நாளில் தோப்பு மோட்டாரும் ஓடாது, தண்ணீருக்கு எங்கே போவார்? ஒரு காரணத்தை அடித்தால் இன்னொன்று முளைக்கும். அதனால்தான் இன்று போனேன். அதே வைகாசி, அதே மின்தடை, அதே காய்ந்த மண், அதே பாலம். நானே தோப்பிலிருந்து அனுப்பிப் பார்த்து, கோடு வந்தால் மண் கடத்துகிறது, வராவிட்டால் கடத்தவில்லை.

இளம்பரிதி இப்போது ஓசூரில். தோப்பைக் குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள். குத்தகைக்காரர் வீரையன், நல்ல மனுஷன். சட்டத்தையும் பேட்டரியையும் பார்த்துவிட்டு, "மண் டெஸ்ட்டா? நல்லாப் பண்ணுங்க தங்கச்சி. காயெல்லாம் சின்னதாப் போவுது, ஏன்னு கேட்டுச் சொல்லுங்க" என்றார். மண்ணிடம் கேட்கிறேன் என்றேன். வேலி ஓரமாக என் கம்பிகளை இறக்கி, தண்ணீர் ஊற்றாமலே, ஆம்ப்ளிஃபயரைப் போட்டு ஓடவிட்டுவிட்டுப் பாலத்துக்கு நடந்தேன்.

போகும்போது, கோடு வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டே போனேன். பரிசோதனை செய்கிறவள் அப்படி வேண்டக் கூடாது. மண் கடத்தக் கூடாது, கடத்தவே கூடாது, அப்படியென்றால் அவர் அனுப்பினார், மண்தான் விழுங்கிவிட்டது.

கோடு வந்தது, அக்கா. தலையில் வகிடு எடுத்த மாதிரி அவ்வளவு நேராக வந்தது. சட்டத்தைக் கொஞ்சம் அப்படி இப்படித் திருப்பினாலும் தெரிந்தது. இவ்வளவு நல்ல கோட்டை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒருநாளும் பார்த்ததில்லை.

அப்போதும் மனசு விடவில்லை. இன்று ஜெனரேட்டர் இல்லையே என்றது. சரிதான், அதுவும் இருந்தால்தானே நேர்மையான சோதனை. ஜெனரேட்டர் வாடகைக்குக் கிடைக்குமா, யாரிடம் கேட்பது என்று யோசித்துக்கொண்டேதான் தோப்புக்குத் திரும்பினேன். என் கம்பிகளைப் பிடுங்கும்போது வீரையன் வந்தார்.

"தங்கச்சி, அங்ஙன கொல்லப் பக்கம் இதே மாதிரி கம்பி ஒண்ணு கெடக்கு. மட்ட இழுக்கையில காலுல இடறுது. அதையும் பிடுங்கிக்கிட்டுப் போங்களேன்."

போய்ப் பார்த்தேன். பச்சை பெயிண்ட். எங்கள் கம்பி. இன்னொன்றைக் காணோம். ஆனால் அவர் இறக்கிவிட்டேன் என்று சொன்னது பொய் இல்லை, பாருங்கள். இறக்கித்தான் இருந்தார். கம்பித் தலையில் ஒரு முழத்துக்குத் துருப்பிடித்த வயர் கட்டியிருந்தது, மீதியை யாரோ வெட்டி எடுத்திருந்தார்கள். எங்கள் வயர் இல்லை அது.

"இது எதுக்குண்ணே கட்டுனது?" என்று கேட்டேன்.

"அதுவா, சின்னவரு நிச்சயத்துக்கு ஜெனரேட்டரு இங்கதான நின்னுது. பந்தல்ல கம்பியத் தொட்டா ஷாக்கு அடிக்குதுன்னு எர்த்து கட்டுனாங்க. அன்னிக்கு நான்தான் எளநி வெட்டிக் குடுத்தேன். ஏன் தங்கச்சி, நீங்க நிச்சயத்துக்கு வரலயா?"

"வந்திருந்தேன். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தேன்" என்றேன்.

இப்போது புரிகிறதா அக்கா, அன்றைக்கு இரைச்சல் ஏன் அவ்வளவு பலமாக வந்தது என்று? ஜெனரேட்டரின் கசிவு முழுக்க எங்கள் கம்பி வழியாகவே மண்ணில் இறங்கியிருக்கிறது. ஆகவே கம்பி காலியாக இல்லை. அவர் அனுப்ப நினைத்திருந்தாலும் அனுப்பியிருக்க முடியாது. அனுப்பி, நான் பார்க்காமல் விட்டேன் என்பதும் இல்லை. இரண்டு வருடக் கேள்விக்கு இதுதான் விடை. சுத்தமான விடை. இனி நான் வர வேண்டியதில்லை. ஜெனரேட்டரும் தேட வேண்டாம்.

என்ன கேட்டீர்கள்? யார் கட்டிக் கொடுத்தார்கள் என்றா?

அதோ, மணிக்கூண்டு வந்துவிட்டது. நீங்கள் முதலில் இறங்குங்கள், இந்தச் சட்டத்தோடு நான் கடைசியாகத்தான் இறங்க முடியும். அந்தச் சாக்கைக் கொஞ்சம் என் பக்கம் தள்ளுங்கள். கனமாக இருக்கும், அந்தக் கம்பிதான் அதில் இருக்கிறது. வயரோடேயே பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜெனரேட்டர்காரர்களுக்கு அவசரம், அக்கா. இரண்டு சுற்றுச் சுற்றி விட்டுவிட்டுப் போவார்கள், நுனி முள் மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இது அப்படி இல்லை. நன்றாக முறுக்கி, நுனியை உள்பக்கம் மடக்கியிருக்கிறது.

பரவாயில்லை, சாக்கைத் திறந்து தொட்டுப் பாருங்கள். கீறாது.